முதுகில் ஒரு வட்டம்

ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர், மைக்கு ஸ்பிரிட், துருவுக்கு எலுமிச்சம்பழம், எண்ணெய்க்கு முதலில் மாவு, அப்புறம்தான் சோப்பு. இந்தப் பாடம் தெரியாதவர்கள் அந்தச் சலவைக்கூடத்தில் வாளியைத் தொட முடியாது. தெரிந்தவர்களும் கறையக்காவைக் கேட்காமல் தொட மாட்டார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆயிற்று. தம்பிக்கு அக்கா, தம்பி பெண்டாட்டிக்கு அண்ணி, மற்ற எல்லோருக்கும் கறையக்கா.

தெருவின் இந்தக் கோடியில் சலவைக்கூடம், அந்தக் கோடியில் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியின் விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாம் இங்கேதான் வெளுக்க வந்தன. தம்பி துணி சுழலும் பெரிய டிரம்மைப் பார்த்துக்கொண்டான். தம்பி பெண்டாட்டி மடித்து அடுக்கினாள். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அவளுக்கு அங்கே புதுப்பொண்ணு என்றுதான் பெயர். வாயைத் திறந்து பேசினால்தானே பழையவளாக முடியும்?

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை பிரிக்கிறவர்கள் கறை கண்ட இடத்தைச் சுற்றி வயலெட் பென்சிலால் வட்டம் போடுவார்கள். 'இங்கே தேய்' என்று அதற்கு அர்த்தம். வட்டம் போட்ட துணி கறையக்காவின் தொட்டிக்கு வரும். கறை போய், வட்டமும் போய்த்தான் அவள் கையை விட்டு நகரும். வட்டத்தோடு ஒரு துணி வெளியே போனதாகச் சரித்திரமே கிடையாது.

குடியிருப்பு கூடத்துக்கு மேலேயே. இரண்டு அறைகள். கீழே டிரம் ஓடினால் மேலே அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். தம்பியின் பெண்குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். டிரம் புறப்படும் முதல் சத்தத்துக்கு இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு விழித்து, உடனே ஒரு அழுகை போடும்.

"முதலாளியம்மா முழிச்சிட்டாங்க, வேலையைப் பாருங்கப்பா!" என்பார் கீழே இஸ்திரிக்காரர். தினமும் அதே வேடிக்கை, தினமும் அதே சிரிப்பு.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. கூடம் முழுக்க ஈரத்துணி வாடை. உலர்த்தும் மெஷின் மூச்சு வாங்கியது. ஆளாளுக்கு இருமினார்கள். குழந்தைக்கும் உடம்பு சுட்டது.

"மழைக்காய்ச்சல்தான். ஒரு போர்வை அதிகமாப் போட்டு மூடு" என்றாள் கறையக்கா.

மறுநாள் காலையில் புதுப்பொண்ணு தொட்டியருகே வந்து நின்றாள். குழந்தை தோளில் துவண்டு கிடந்தது.

"அண்ணி, பால் குடிக்க மாட்டேங்குறா. அழுகையும் வேற மாதிரி இருக்கு."

"அழுகையில என்ன வேற மாதிரி?"

"பூனை கத்துற மாதிரி. உச்சியைத் தொட்டுப் பாருங்க."

கறையக்கா கையைத் துடைத்துக்கொண்டு தொட்டாள். பள்ளமாக இருக்க வேண்டிய உச்சிக்குழி மேடாக இருந்தது. அவ்வளவுதான், போட்டது போட்டபடி கிடக்க, தம்பியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் மழையில் இறங்கி ஓடினார்கள்.

*

குழந்தைகள் வார்டில் இருந்தவர் மீசை இப்போதுதான் அரும்பியவர் மாதிரி ஒரு சின்ன டாக்டர். உச்சியைத் தொட்டதும் அவர் முகம் மாறியது.

"மூளையைச் சுத்தி இருக்கிற சவ்வுல கிருமி போயிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. அந்தத் தண்ணிதான் முதுகுத்தண்டுக்குள்ளயும் ஓடுது. முதுகுல ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாத்தாத்தான் எந்தக் கிருமின்னு தெரியும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். பல் விளக்குவதிலிருந்து பெண் பார்ப்பதுவரை அக்காவைப் பார்த்தே செய்து பழகியவன் அவன்.

"போடட்டும்" என்றாள் அக்கா, அரைமனதாக.

குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, நர்ஸ் அதன் தலையையும் முழங்காலையும் சேர்த்து வளைத்துப் பிடித்தாள். குழந்தை கத்தியது. சின்ன டாக்டர் முதுகெலும்பை விரலால் தடவித் தடவி இடம் பார்த்துக் குத்தினார். சொட்டியது ரத்தம். இன்னொரு தரம் குத்தினார். அதுவும் ரத்தம். ஊசியை மாற்றி மறுபடியும் குத்தினார். அவர் நெற்றியில் வியர்வை ஓடியது.

"ரத்தம் கலந்திடுச்சு. இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது" என்று குப்பியை வைத்தார். "மருந்தை ஆரம்பிச்சிடுறேன். பொதுவா எல்லாக் கிருமிக்கும் கொடுக்கறது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தரம்..."

"இன்னொரு தரமா?"

கறையக்கா குழந்தைக்குக் கீழே கிடந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் அவளே போட்ட தையல். அவள் வெளுத்த விரிப்பு. அதன் நடுவில் மிளகளவு மூன்று சிவப்புப் பொட்டு.

குழந்தைகள் வார்டு மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் அந்தச் சின்னப் பொட்டுகளை அவள் பார்த்திருக்கிறாள். நடுவிரிப்பில், முதுகு படும் இடத்தில். பச்சைத்தண்ணீரில் அலசும்போது, 'இது எந்தப் பெத்தவ வயிறோ' என்று நினைத்துக்கொள்வாள். முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று தெருவில் பத்துப் பேர் சொல்லியும் கேட்டிருக்கிறாள். இரண்டையும் மனசுக்குள்ளேயே முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"வேணாம் டாக்டர். மருந்தைக் குடுங்க, போதும். இனிமே என் புள்ள முதுகுல யாரும் கை வைக்கக் கூடாது."

"அம்மா, எந்தக் கிருமின்னு தெரியாமக் குடுக்கற மருந்து குருட்டு மருந்து. படலாம், படாமலும் போகலாம்."

"நீங்க போட்டது மட்டும் கண்ணைத் தொறந்துகிட்டு போட்ட ஊசியா?"

புதுப்பொண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கறையக்கா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

*

காய்ச்சல் இறங்கவில்லை. காலையில் குழந்தையின் அழுகை இன்னும் மெலிந்து, நூல் போல இழுத்தது. தம்பி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். வாங்கி வந்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

அப்போது சக்கரம் வைத்த ஒரு மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள் ஒரு டாக்டரம்மா. நரைத்த தலை, காலில் ரப்பர் செருப்பு. பின்னால் தலையைத் தொங்கப் போட்டபடி சின்ன டாக்டர்.

"இங்க கண்ணைத் தொறந்துகிட்டு ஊசி போடணும்னு சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள் கறையக்கா விறைப்பாக.

"நல்ல கேள்வி. கண்ணைக் கொண்டாந்திருக்கேன். ஸ்கேன் மெஷின். ஊசி போடறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு மட்டும். பாக்கலாமா?"

பார்ப்பதற்கு என்ன? குழந்தையைப் புரட்டி, முதுகில் குளிர்ந்த பசையைத் தடவி, சோப்புக்கட்டி மாதிரி இருந்த ஒன்றை மெல்ல வைத்தாள் டாக்டரம்மா. திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ மினுங்கியது. மழை ஊறிய சுவர்போல இருந்தது.

"பெரியவங்களுக்கு இவ்வளவு தெளிவாத் தெரியாது, எலும்பு மறைச்சிடும். இவளுக்கு முதுகு இன்னும் குருத்துதான். கறுப்பாத் தெரியுதே, அதுதான் தண்ணி. நடுவுல கூம்பா முடியுது பாருங்க, அது தண்டுவடம். ஊசி அதுகிட்டயே போகக் கூடாது. கீழ தலைமுடி மாதிரி இருக்கறதெல்லாம் காலுக்குப் போற நரம்பு."

"ஆடுதே!" என்றாள் கறையக்கா, தன்னை மீறி.

"ஆடணும். தண்ணியில மிதக்குதுன்னு அர்த்தம். ஊசி பக்கத்துல வந்தா ஒதுங்கிக்கும்."

கறையக்கா திரைக்கு நெருங்கி வந்தாள். டாக்டரம்மா கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள்.

"நேத்து குத்தின இடம் இது. கறுப்பு இருக்கா?"

"இல்லையே. மங்கலா இருக்கு."

"ரத்தம் கட்டியிருக்கு. இங்க இன்னும் எத்தனை தரம் குத்தினாலும் ரத்தம்தான் வரும். இவரைத் திட்டிப் புண்ணியம் இல்ல, விரலுக்கு இது தெரியாது. எலும்புகளுக்கு நடுவுல ஒரு இடுக்கு மேல போகணும். ஆனா மேல போனா தண்டுவடம் கிட்ட வருது. அதனாலதான் அளந்து பாத்துப் போடணும்கிறேன்."

கறையக்கா வெகுநேரம் திரையையே பார்த்தாள். அந்த மயிரிழைகள் நீரில் அசைந்தன. ஒரு ஜீவனின் கால்கள் இவ்வளவு மெல்லிய நூலிலா தொங்குகின்றன?

"போடுங்க" என்றாள்.

டாக்டரம்மா பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து முதுகில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். வயலெட் நிறம்.

"எங்க கூடத்துலயும் இதே கலர்தான்" என்றாள் கறையக்கா. நேற்றிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது அப்போதுதான்.

ஊசியைப் பிரிப்பதற்குள் குழந்தையின் கண் மேலே செருகியது. ஒரு பக்கத்துக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. புதுப்பொண்ணு அலறினாள். கறையக்கா அவளைக் கட்டிப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். உள்ளே ஆட்கள் ஓடினார்கள். வலிப்பு நின்றபோது குழந்தை வெளுத்த துணியாகக் கிடந்தது.

"இப்போ வளைக்கக் கூடாது. மூச்சு சீராகட்டும்" என்று டாக்டரம்மா சின்ன டாக்டரிடம் சொன்னது, வராந்தாவில் இருந்த கறையக்காவுக்குக் கேட்கவில்லை. "சீரானதும் வட்டத்துல போடுங்க. ஆழமும் சொல்லியிருக்கேன். நான் இருக்கணும்னு இல்ல." அதற்குள் விபத்துப் பிரிவிலிருந்து ஆள் வந்துவிட்டான். பஸ் கவிழ்ந்து கூட்டமாக அடிபட்டு வந்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு அப்படித் தள்ளிக்கொண்டு போகிற மெஷின் ஒன்றே ஒன்றுதான். சக்கரம் கடகடவென்று வராந்தாவில் உருண்டு போனது.

*

தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். புதுப்பொண்ணைப் பால் பீய்ச்சித் தரச் சொல்லி நர்ஸ் பக்கத்து அறைக்கு அழைத்துப் போயிருந்தாள். குழந்தையருகே கறையக்கா மட்டும்.

குழந்தை லேசாக ஓங்கரித்து, இருந்த கொஞ்சநஞ்சம் பாலையும் கக்கியது. கழுத்து வழியாக வழிந்து முதுகெல்லாம் பிசுபிசுத்தது. ஏற்கெனவே காய்ந்துபோன பசை வேறு. ஈரத்தில் கிடந்தால் சளி பிடிக்குமே என்று கறையக்கா பதமாக அதை ஒருக்களித்துத் திருப்பினாள். மேஜையில் பஞ்சு இருந்தது, ஸ்பிரிட் பாட்டில் இருந்தது.

அவள் மனசு திரையில் பார்த்த அந்த நூல்களிடம் இருந்தது. நேற்றே இந்த மெஷினைக் கொண்டுவந்திருக்கக் கூடாதா? நேற்றே நான் சரி என்றிருந்தால், அப்போதே கொண்டுவந்திருப்பார்களோ? யோசனை அங்கே ஓட, கை இங்கே வேலை பார்த்தது. முதலில் ஈரப் பஞ்சால் பால். பிறகு காய்ந்த பசை. பிறகு வயலெட் வட்டம். மைக்கு ஸ்பிரிட். வெளியிலிருந்து உள்ளே, வட்டமாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பரவும். பரவவில்லை. பூப்போல ஒற்றி எடுத்து, காய்ந்த துணியால் ஒரு தட்டு தட்டி, வேலை முடிந்ததா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

முதுகு பளிச்சென்று இருந்தது.

அதன் பிறகுதான் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். அதில் வயலெட். தேய்த்ததைத் திரும்ப வரவழைக்க அவளுக்கு வித்தை தெரியாது. அந்தத் தொழிலில் அப்படி ஒரு வித்தையே கிடையாது.

சின்ன டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். கூடவே நர்ஸ், புதுப்பொண்ணு, தம்பி.

"மூச்சு சீராயிருக்கு. போட்டுடலாம். திருப்புங்க." குனிந்தவர் நிமிர்ந்தார். "குறி எங்க?"

முதுகை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க ஒரு வட்டம் இருந்துச்சே. எங்க போச்சு?"

"நான்தான் தொடைச்சேன்" என்றாள் கறையக்கா. "பால் கக்கிட்டா... கை தானா..."

"தொடைச்சீங்களா? அது என்ன அழுக்குன்னு நெனைச்சீங்களாம்மா?"

"அக்கா!" என்றான் தம்பி. பிறந்ததிலிருந்து அவன் அவளைக் கூப்பிட்ட கூப்பாடுகளில் இது சேர்த்தி இல்லை.

நர்ஸ் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மெஷின் இப்போதைக்கு வராது, அங்கே வரிசையாகக் கிடக்கிறார்கள். சின்ன டாக்டர் குழந்தையின் முதுகைப் பார்த்தார். விரல் காற்றில் ஓர் இடத்தைத் தேடியது.

"எனக்கு ஏறக்குறைய ஞாபகம் இருக்கு. இந்த இடுக்குதான்னு நெனைக்கிறேன்."

கறையக்கா சட்டென்று முன்னால் வந்தாள்.

"போடுங்க டாக்டர். நான் கையெழுத்துப் போடுறேன், எங்க வேணா போடுறேன். லேட் பண்ணாதீங்க. என்னாலதானே லேட்டு? நேத்தும் என்னால, இன்னிக்கும் என்னால. போட்டுடுங்க."

"வேணாம்."

சொன்னது புதுப்பொண்ணு. எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் கறையக்கா, பழக்கத்தில்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான் அண்ணி. அவருக்கும் தெரியல. 'நெனைக்கிறேன்'னுதானே சொல்றாரு? அந்தம்மா என்ன சொன்னாங்க? மேல போனா தண்டுவடம் கிட்ட வருதுன்னாங்க. நேத்து நீங்க வேணாம்னீங்க, வாயை மூடிகிட்டு இருந்தேன். இன்னிக்கு நீங்க போடுங்கறீங்க. உங்க மனசு ஆறணும்னு என் புள்ள முதுகைக் குடுக்க முடியுமா?" அவள் கட்டிலுக்கும் சின்ன டாக்டருக்கும் நடுவில் போய் நின்றாள். "மெஷின் வரட்டும். வர்ற வரைக்கும் யாரும் ஊசி எடுக்க வேணாம்."

சின்ன டாக்டர் கையுறையைக் கழற்றினார். அவர் முகத்தில் ஒரு விடுதலை தெரிந்தது.

காத்திருந்தார்கள். மழை ஜன்னல் கம்பியில் கோத்துக்கொண்டு சொட்டியது. குழந்தைக்கு இன்னொரு தரம் வலிப்பு வந்து நின்றது. தம்பி இரண்டு தரம் விபத்துப் பிரிவு வாசல்வரை போய், கதறுகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க வாய் வராமல் திரும்பினான். கறையக்கா வராந்தாவிலேயே இருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு உருண்டு வந்தது மெஷின். டாக்டரம்மாவின் மேலங்கியில் பிறர் ரத்தம். நடந்ததைக் கேட்டுவிட்டு இன்னொரு தரம் பார்த்து, இன்னொரு வட்டம் போட்டாள். சின்ன டாக்டர் வட்டத்தின் நடுவில் ஊசியை வைத்தார். ஒரே குத்து. ரத்தம் வரவில்லை. சொட்டு சொட்டாகத் தண்ணீர்.

கதவோரம் நின்று கறையக்கா குப்பியைப் பார்த்தாள். தெளிவாக இருக்க வேண்டிய தண்ணீர், துணிக்குப் போடும் நீர்த்த கஞ்சிபோலக் கலங்கியிருந்தது. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

கிருமியின் பெயர் தெரிந்தது. இதுவரை கொடுத்த மருந்துக்கு அது மசியாத கிருமி. மருந்தை மாற்றினார்கள். மாற்றிய பிறகு காய்ச்சல் படிப்படியாக இறங்கியது, உச்சிக்குழி தணிந்தது, குழந்தை ஒருநாள் மார்பைத் தேடி முட்டியது. மழை விட்டு, கொடியில் துணி படபடக்கிற நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கறையக்கா முதலில் பார்த்தது காலைத்தான். குழந்தை உதைத்தது. இரண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி உதைத்தது. அவள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே டிரம் புறப்பட்டது. பாயில் கிடந்த குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டது.

"முதலாளியம்மா வந்துட்டாங்க, வேலையைப் பாருங்கப்பா!" என்றார் இஸ்திரிக்காரர். கூடமே கைதட்டியது.

புதுப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் டிரம் ஓடும்போதெல்லாம் அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் தம்பியிடம், "தரையில கிடந்தா டிரம் ஓடும்போது முழிக்கிறா. மடியில வெச்சிருந்தா முழிக்கல. கவனிச்சீங்களா?" என்றாள்.

தரை அதிர்கிறது. மடி அதிரவில்லை. அவ்வளவுதான் விஷயம். காது பார்க்கிற இடத்திலும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை.

கறையக்கா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைப் பிடித்தாள்.

"மொத நாளே தண்ணி எடுக்க விட்டிருந்தா காது தப்பியிருக்குமா? இல்ல, அன்னிக்கு அந்த வட்டத்தை நான் அழிக்காம இருந்திருந்தா?"

"தெரியாதும்மா."

"நான் என்ன நெனைச்சுக்குவேனோன்னு பாக்காதீங்க. உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதே அதுதான். சில குழந்தைங்களுக்கு உடனே எடுத்து மருந்து குடுத்தும் காது போயிருக்கு. சிலதுக்கு லேட்டாகியும் தப்பியிருக்கு. இது எதுல சேர்த்தின்னு யாராலும் சொல்ல முடியாது."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பாள்.

குழந்தை குப்புற விழப் பழகியது. ஒரு மத்தியானம் கறையக்கா மாடிக்கு வந்தபோது அது பாயில் குப்புறக் கிடந்தது, சட்டையில்லாமல். ஜன்னல் வெளிச்சம் முதுகில் விழுந்தது. அவள் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த முதுகைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஊசி குத்திய ஒரு புள்ளிகூட இல்லை. எங்கே குத்தினார்கள், எங்கே வட்டம் இருந்தது, ஒன்றுமே தெரியவில்லை. தொட்டு, 'இங்கேதான்' என்று சொல்லிக்கொள்ள ஒரு தழும்பு இருந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

பிறகு கையைத் தட்டினாள், மெதுவாக. இன்னொரு தரம் பலமாக. பிளீச்சிங் பவுடரில் காய்த்துப்போன கைகளின் சத்தம் கட்டையைத் தட்டுகிற மாதிரி கேட்டது. குழந்தை பாயின் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"கண்ணு... இங்க பாரு... அத்தை வந்திருக்கேன்..."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி, மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்:

"தட்டாதீங்க அண்ணி. அவ கண்ணுக்கு நேரா வந்து நில்லுங்க."

கறையக்கா எழுந்து, சுற்றிக்கொண்டு போய், குழந்தைக்கு எதிரே நின்றாள்.